பூங்குழலியின் ஊரில் நான்கைந்து பொழுதுகள்

வெள்ளி, வேதாரண்யம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்தவர்கள் கூடினால் பேச்சு வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். வீராணம் ஏரியில் ஆரம்பித்து பழையாறை வரைக்கும் வந்தியத்தேவன் குதிரை போன வழியில் பைக்கில் போய்ப் படம் போட்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வழியில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’ தொடங்குகிற இடம்தான் என் இடம். கோடிக்கரை, படகு, அதில் பூங்குழலி என்று ஒருத்தி தனியாகப் பாடிக்கொண்டு. பள்ளிக்கூட நாட்களில் முதல் தடவை படித்தபோதே, இவள் நம்ம ஆள் என்று தோன்றியது.

ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை, இப்போது தெரியும். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு நெஞ்சு வலியா, சித்திக்கு விடியற்காலை ரயிலா, பெரியம்மா மருமகளுக்குப் பிரசவ வலியா, போன் எனக்கு வரும். கொண்டுபோய் விடுவேன். விட்ட பிறகு அவர்கள் உள்ளே போய்விடுவார்கள், நான் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பேன். பூங்குழலி கதை முழுக்கச் செய்வது அதைத்தான். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விடுகிறாள், நடுக்கடலில் கப்பல் எரிந்து தத்தளித்தவர்களைத் தூக்கிப் படகில் போடுகிறாள், காய்ச்சலில் கிடந்த இளவரசர் அருள்மொழிவர்மரைக் கால்வாய் வழியே நாகப்பட்டினம் கொண்டுபோகிறாள். சோழ நாட்டின் தலையெழுத்து அவள் துடுப்பில் போய்வந்திருக்கிறது. காரியம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் அரண்மனைக்குப் போகிறார்கள்.

சரி, இன்றைய கதை. மதியத்துக்கு மேல் வந்து லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். வேதாரண்யேசுவரர் கோயிலின் கதவுக் கதை தெரிந்திருக்கும். வேதங்கள் பூசை செய்து அடைத்துவிட்டுப் போன கதவு, யாராலும் திறக்க முடியாமல் பக்கத்திலேயே வேறு வாசல் வைத்து ஊர் புழங்கிக்கொண்டிருந்த காலத்தில் அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து வருகிறார்கள். திறக்கப் பாடச் சொல்லி அப்பரிடம் கேட்கிறார் சம்பந்தர். அவர் பாடுகிறார், பாடுகிறார், கதவு அசையவில்லை. கடைசியில் ‘இரக்கம் ஒன்று இலீர்’ என்று மனம் நொந்து கேட்ட பிறகுதான் திறக்கிறது. தரிசனம் முடித்து வந்து, மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாடினார், முதல் பாட்டிலேயே படக்கென்று மூடிக்கொண்டது. அப்பருக்கு அது உறுத்தியது என்று பெரியபுராணம் சொல்கிறது. எனக்கும் உறுத்துகிறது. வயதான மனிதர், அரும்பாடுபட்டுத் திறந்து வைத்திருக்கிறார், சின்னப் பிள்ளைக்கு ஒரு பாட்டில் வேலை முடிந்துவிட்டது. உழைக்கிறவர்கள் பக்கம் நான் எப்போதும் சாய்ந்துவிடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவு லாட்ஜில் கொசு. ‘சுழற்காற்று’ முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன்.

சனி, கோடியக்காடு, கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே இறங்கினால் முதலில் அகத்தியன்பள்ளி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பிய ராஜாஜியின் நடைப்பயணம் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளியது இங்கேதான். நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றி இன்றும் உப்பளம். தை மாதம் ஆதலால் உற்பத்தி இன்னும் சூடுபிடிக்கவில்லை, மழைத் தண்ணீர் வடிந்த பாத்திகளைச் சிலர் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பாத்தியின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு.

கோடியக்காட்டில் குழகர் கோயில். இதற்காகத்தான் விடியலிலேயே கிளம்பினேன். சின்னக் கோயில், சுற்றிலும் காடு, நான் போனபோது குருக்களையும் என்னையும் தவிர யாருமில்லை. சுந்தரர் இங்கே வந்து பாடிய பதிகம் தேவாரத்திலேயே தனியான ஒன்று. மற்ற ஊர்களில் சாமியிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்பார், பொன் கேட்பார், நெல்லைக் கொண்டுபோக ஆள் கூடக் கேட்பார். இங்கே வந்ததும் அவருக்குச் சாமியைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிட்டது. ‘கடிதாய்க் கடற்காற்று வந்து எற்றக் கரைமேல்’ இப்படி இருக்கிறீரே, பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை என்று கேட்கிறார். பார்த்த கண்ணைக் ‘கொடியேன் கண்கள்’ என்று திட்டிக்கொள்கிறார்.

கல்கி தன் படகுக்காரியைக் கொண்டுவந்து குடிவைக்க எத்தனையோ துறைமுகங்கள் இருந்தன. சாமிக்கே துணையில்லை என்று பாடப்பட்ட கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இது தெரியாமல் செய்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, “கூட யாரும் வரலையாம்மா?” என்றார். இல்லை என்றேன். “குழகருக்கும் யாரும் இல்லைதான்” என்று சிரித்துவிட்டுத் திருநீறு கொடுத்தார். அந்தப் பதிகத்தை தினமும் சொல்கிறவர் அல்லவா, பேச்சிலும் அது வந்துவிடுகிறது.

மதியத்துக்கு மேல் சரணாலயம். 1967ல் அறிவித்தது, வெளிமானுக்காக. காடு என்றால் ஓங்கி வளர்ந்த காடு இல்லை, கடற்காற்றுக்குத் தலை குனிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கிற பாலை மரங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான், அதில் முறிந்தவற்றின் மொட்டைக் கிளைகள் இன்னும் அங்கங்கே தெரிகின்றன. கூட வந்த வழிகாட்டிப் பையன் வெளிமான்களை எனக்கு முன்பே பார்த்துவிட்டான். ஆண்மான் ஒன்று, முறுக்கிய கொம்பும் கருத்த முதுகுமாக, எங்களைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றது. பெட்டைகள் எல்லாம் பழுப்பு நிறம், அவை கவலையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் குதிரைகள். யாருக்கும் சொந்தமில்லாத, காட்டோடு வளர்ந்துவிட்ட மட்டக்குதிரைகள். ஒன்றின் காலடியில் வந்தியத்தேவன் பெயர் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவு கூட இல்லாமல் எப்படி.

கொள்ளிவாய்ப் பிசாசு பார்த்திருக்கிறாயா என்று பையனைக் கேட்டேன். “தாத்தா பார்த்ததா சொல்வாரு மேடம். இப்ப எங்க பார்த்தாலும் லைட்டு.” சதுப்பில் எழும் வாயு தீப்பற்றி எரிவதைத்தான் சனங்கள் பிசாசு என்கிறார்கள் என்று கல்கியே விளக்கம் சொல்லிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் பூங்குழலி வந்தியத்தேவனைக் கூட்டிப்போய்ச் சதுப்பில் எரிகிற அந்த நெருப்புகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று சொல்கிற இடம் இருக்கிறதே. சின்ன வயதில் அதைப் படித்து பயந்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. கல்யாணம் எப்போது, பார்த்துக்கொண்டிருக்கிறாயா, யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று கேட்கிறவர்களுக்கு நான் இத்தனை வருடமாகச் சொன்ன எந்தப் பதிலும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஞாயிறு, சேறும் கடலும்

‘சேற்றுப் பள்ளம்’ என்று ஒரு அத்தியாயம். பூங்குழலி ஓடுகிறாள், வந்தியத்தேவன் துரத்துகிறான், அவளுக்குக் கால் வைக்கும் இடம் தெரியும், இவனுக்குத் தெரியாது, புதைசேற்றில் இறங்கிவிடுகிறான். அவளே திரும்பி வந்து இழுத்து வெளியே போடுகிறாள். காலையில் சதுப்பின் ஓரம் போய் நின்றபோது அந்தக் காட்சி எனக்கு முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்க மைதானம் மாதிரி கிடக்கிறது. மேலே காய்ந்த பொருக்கு, அதில் பறவைக் கால்தடங்கள் கூட அழகாகப் பதிந்திருக்கின்றன. பையன் ஒரு குச்சியைக் கொடுத்துக் குத்தச் சொன்னான். குத்தினேன், விரல்கடை ஆழம் வரை கடினம், அதற்குப் பிறகு எந்தத் தடையும் இல்லாமல் முழங்கை நீளம் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் கறுப்பு, அழுகின முட்டை வாடை. இரண்டு அடி தள்ளி இன்னொரு இடத்தில் குத்தினால் குச்சி ஒடிந்தது. மேலே பார்த்தால் இரண்டு இடத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதில் ஓட வேண்டுமானால் பிறந்ததிலிருந்து நடந்திருக்க வேண்டும். பூங்குழலியை வீரப்பெண், காதலில் தோற்றவள், பைத்தியக்காரி என்றெல்லாம் எழுதுகிறார்கள், ஆனால் அவளிடம் எனக்கு ஒட்டுவது இந்த அறிவுதான். அரண்மனையில் இருக்கிறவர்களுக்கு அவள் தேவைப்படுவது இதனால்தான். அவர்கள் கண்ணுக்குப் படாததும் இதுவேதான், ஏனென்றால் சேறு தெரியாதவனுக்குச் சேற்றைத் தெரிந்துகொள்வது ஒரு வித்தை என்றே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் எந்தத் தெருவில் திரும்பினால் ரயில்வே கேட்டில் மாட்டாமல் போகலாம் என்று நான் யோசிப்பதைப் பின்சீட்டில் இருப்பவர்கள் யாரும் கவனித்ததில்லை.

தூரத்தில் தண்ணீருக்குள் பூநாரைகள். முதலில் கரை என்று நினைத்தேன், அப்புறம் அந்தக் கரை நகர்ந்தது. அவ்வளவு கூட்டம்.

அங்கிருந்து கடற்கரை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் வெகுகாலம் இங்கே எஞ்சியிருந்தது, 2004 சுனாமி அதையும் சிதைத்துவிட்டது. பூங்குழலியின் அப்பா தியாகவிடங்கர் விளக்கேற்றிய இடம் இதுதான் என்று கற்பனை செய்துகொள்ள இப்போது தண்ணீரும் கல்லும்தான். புதுக் கலங்கரை விளக்கம் கொஞ்சம் தள்ளி, தன் பாட்டுக்கு நிற்கிறது.

சீசன் நேரம். வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். மணலில் ஃபைபர் படகுகள் ஏறிக் கிடந்தன, வாவலும் காலாவும் கூடை கூடையாக ஏலம் போய்க்கொண்டிருந்தன. ஒரு பாட்டியம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

“இங்கேருந்து இலங்கை எவ்வளவு தூரம் பாட்டி?”

“ராத்திரி அங்க எரியுற வெளிச்சம் தெரியுதும்பாங்க எங்க ஆளுங்க, நான் எங்க கண்டேன். கடலுக்குள்ள போனாதானே.”

“நீங்க போனதே இல்லையா?”

“பொம்பளைக்கு என்னம்மா அங்க வேலை. மீனு கரைக்கு வந்தா அப்புறம் எங்க வேலைதான்.”

நான் கதையைச் சொன்னேன். இந்த ஊர்ப் பெண் ஒருத்தி, ராத்திரியில், தனியாகத் துடுப்புப் போட்டு ஒரு ஆண்பிள்ளையை இலங்கை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள் என்று. பாட்டி கருவாட்டை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “வாடை அடிச்சுதா, சோழகம் அடிச்சுதா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை தடவை படித்தும் அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. பாட்டி விடவில்லை. “காத்து ஒத்தாசையா இருந்தா பாயைக் கட்டிட்டு உக்காந்துக்கலாம். எதுக்கால அடிச்சா ஆம்பளை நாலு பேரு போட்டாலும் போவாது. அவன் என்ன செஞ்சான், அந்த ஆளு? அவனும் போட்டானா?”

“இல்லை பாட்டி, அவனுக்குக் கடல்னாலே பயம்.”

“நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான், திரும்பவும் கருவாட்டுக்குப் போய்விட்டார். வந்தியத்தேவனைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணக் கரை இங்கிருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால்கூட விடாமல் 10 மணி நேரம் துடுப்பு. எதிரே ஒருவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறான். நானாக இருந்தால் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பேன்.

திங்கள், மறுபடி வேதாரண்யம்

இன்று எங்கும் போகவில்லை. காலையில் அம்மா போன். அடுத்த வாரம் மாமா பையனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட வேண்டுமாம், நான் திரும்பிவிடுவேன்தானே என்றார். விடுவேன் என்றேன். அப்புறம் வழக்கமான பேச்சு, இப்படித் தனியாகச் சுற்றுவது, வயது, கடைசியில் எப்போதும் போல, “அப்படியே உங்க அத்தை.”

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றார். தாத்தா பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர், அப்பாவைப் படிக்கவைத்தது அவர். எங்கள் வீட்டில் ‘அத்தை மாதிரி’ என்பது பாராட்டா எச்சரிக்கையா என்று சொல்கிற குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பூங்குழலிக்கும் ஒரு அத்தை. மந்தாகினி, ஊமை ராணி. இளவரசனாக இருந்த சுந்தர சோழரை நேசித்து, அவர் போன பிறகு தனியாக நின்றவள். காவிரியில் விழுந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்தவள். கடைசியில் சுந்தர சோழர் மேல் எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிச் செத்தவள். அருள்மொழிவர்மரை நினைத்து உருகும்போதெல்லாம் பூங்குழலியின் கண் முன்னால் அந்த அத்தை நிற்கிறாள். பெரிய இடத்தை நேசித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. இளவரசர் ‘சமுத்திரகுமாரி’ என்று பிரியமாகக் கூப்பிடத்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுத் தஞ்சைக்குப் போய்விடுகிறார்.

இதனால்தான் முடிவு எனக்கு இத்தனை நாள் பிடிக்காமல் இருந்தது. இப்படிப்பட்டவளைச் சேந்தன் அமுதனுக்குக் கட்டிவைத்து, அவனை உத்தம சோழனாக்கி, இவளை அரசியாக்கி உட்காரவைத்ததில் கதைக்காரரின் சமாதானம் இருக்கிறது, அவள் எங்கே இருக்கிறாள் என்று சண்டை போட்டிருக்கிறேன். லாட்ஜ் மாடியில் உட்கார்ந்து ‘தியாகச் சிகரம்’ கடைசி அத்தியாயங்களை இன்று மறுபடி வாசித்தேன். சண்டை கொஞ்சம் தணிந்திருக்கிறது. அவள் தேர்ந்தெடுத்தது பூமாலை கட்டிக் கொடுத்துக்கொண்டு குடிசையில் இருந்தவனை. சிங்காதனம் அப்புறம் வந்தது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கதை முழுக்க எல்லோருடைய பாரத்தையும் ஏற்றிப்போனவள், தன்னை எங்கும் ஓட்டிப்போகச் சொல்லிக் கேட்காத ஒருவனைப் பார்த்து இவன் போதும் என்று நினைத்திருக்கிறாள். இது சமாதானம் மாதிரி எனக்கு இப்போது தெரியவில்லை, களைப்பு மாதிரி தெரிகிறது. நல்ல களைப்பு. அதை மதிக்கிறேன்.

செவ்வாய், செம்பியன் மாதேவி

நாகப்பட்டினத்தில், பூங்குழலி இளவரசரைக் கொண்டுபோய்ச் சேர்த்த புத்த மடமான சூடாமணி விகாரத்தைத் தேடுவதற்கு ஒன்றுமில்லை. எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867ல் இடித்துவிட்டார்கள். இங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதனால் நிற்காமல் செம்பியன் மாதேவி கிராமத்துக்கு வண்டியை விட்டேன்.

உத்தம சோழனின் அம்மா பெயரிலேயே ஊர். கைலாசநாதர் கோயில். செங்கல் கோயில்களையெல்லாம் கருங்கல்லாக்கிய அந்த அம்மையாருக்காக, அவர் பிறந்த கேட்டை நாளில் விழா எடுக்க மருமகள்கள், அதாவது உத்தம சோழனின் தேவியர், நிலமும் பொன்னும் கொடுத்ததைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒருத்தி இல்லை, பல தேவியர். பழுவேட்டரையர் மகள் ஒருத்தி, இருங்கோளர் மகள் ஒருத்தி, இப்படி எல்லோரும் இன்னார் மகள், இன்ன குறுநிலத்துப் பெண் என்று. படகுக்காரர் மகள் என்று யாரும் இல்லை. இருக்க மாட்டாள் என்று தெரியும், பூங்குழலி கல்கியின் மனதில் பிறந்தவள். தெரிந்தும் சுவரோரம் நடந்து, எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாத அந்த வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். கல் வெயிலில் சுட்டது.

திண்ணையில் உட்கார்ந்து படத்தை அத்தைக்கு அனுப்பினேன். கூடவே, நேற்றிலிருந்து மனதில் ஓடியதையும் எழுதினேன், நான் பூங்குழலி என்றால் நீங்கள் மந்தாகினி அத்தை, நம் இரண்டு பேருக்கும் ஊரைக் கரை சேர்ப்பதே வேலையாகப் போய்விட்டது என்று. கொஞ்சம் கண் கலங்கித்தான் எழுதினேன்.

இரண்டு நிமிஷத்தில் போன் வந்துவிட்டது.

“என்னடீ உளறிட்டிருக்கே? யார் மந்தாகினி? ஒருத்தனுக்காகக் காடு காடா அலைஞ்சு, கடைசியில அவனுக்காகச் செத்தும் போகணுமா நான்? எனக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல, பண்ணிக்கல. பென்ஷன் வருது, சபாவுக்குப் போறேன், யாத்திரை போறேன். சோகம் எங்கடீ கண்டே இதுல?”

“அப்போ நீங்க யாரு அத்தை?”

யோசிக்கவே இல்லை. “ஆழ்வார்க்கடியான்” என்றார். “ஊர் ஊராப் போகலாம், எவன்கிட்ட வேணா வம்புக்கு நிக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சின்ன வயசுலேருந்தே எனக்கு அவன்தான்.”

அப்புறம் அரை மணி நேரம் பேசினார். வைணவர் இல்லாத வீட்டில் ஆழ்வார்க்கடியானா என்று கேட்டதற்கு, தடி மட்டும் போதும் என்றார். மாமா பையன் ஏர்போர்ட் போகிற விஷயம், அவன் கொண்டுபோகிற பெட்டிகளின் எண்ணிக்கை, அதைப் பற்றி என் அம்மா நேற்று யாரிடம் என்ன சொன்னார் என்பது வரைக்கும் என்னிடம் ஒப்பித்தார். ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தருக்கு ஒற்றன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுச் சேதியெல்லாம் அத்தைக்கு எப்படி முதலில் போகிறது என்று பல வருஷமாக ஒரு சந்தேகம் இருந்தது, அதுவும் தீர்ந்தது.